மேலேயிருந்து பார்ப்பதற்கும் கேட்டவர்

எங்கள் ஊரை, குளக்கட்டிலிருந்து கடைசி வயல் வரைக்கும், ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய ஆள் என்று ஒருவர் இருந்தாரென்றால் அது மிஸ்தான். பார்ப்பதற்கு அவரிடம் செய்மதிப் படங்கள் இருந்தன. அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளுவதற்கு, குடியிருந்த காலம் முழுக்க, என் மனுசியிடம் கேட்டுவிட்டுத்தான் அள்ளினார்.

"வீட்டை வாடகைக்கு எடுத்தால் கிணறும் சேர்த்துத்தானே பிள்ளை. ஒவ்வொரு நாளும் என்னத்துக்குக் கேக்கிறீர்?" என்பாள் மனுசி.

"இன்னைக்கு ஒங்களுக்குத் தண்ணி கூடத் தேவப்படுமோ என்னமோக்கா" என்பார் மிஸ், வெறும் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டேன். "யோசிச்சு சொல்றேண்ணே" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பெண் உத்தியோகத்தர்களை எங்கள் பக்கத்தில் மிஸ் என்றுதான் கூப்பிடுவது. ஆகையால் மிஸ் என்றே இருக்கட்டும். கேட்டுக் கேட்டே எங்கள் உயிரை வாங்கிய ஒருவரைப் பற்றி எழுதும்போது, கேட்காமல் எழுத எனக்கும் கை வரவில்லை.

நாட்டுக்கென்று ஒரு விண்வெளி ஆய்வு நிறுவனம் தொடங்கிய புதிது அது. இன்றைக்கு அந்த நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடம், படம் எடுக்கிற சொந்தச் செய்மதி, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் எல்லாம் உண்டு. அன்றைக்கு இருந்ததெல்லாம் கொழும்பில் வாடகைக்கு எடுத்த இரண்டு மாடியும், கண்டாவளைப் பக்கத்தில் என் வீட்டின் முன்பாதியும்தான். கனடாவிலிருக்கும் மகன் வந்து நிற்பான் என்று கட்டிய பாதி. அவன் வரவில்லை, விண்வெளி வந்தது.

நிறுவனத்திடம் அப்போது ஒரேயொரு செய்மதி இருந்தது. வேறொரு நாட்டின் ராக்கெட்டில் ஒரு மூலையில் இடம் கேட்டு ஏற்றிவிட்டது. சப்பாத்துப் பெட்டி அளவுதான். அது படம் ஒன்றும் எடுக்காது. எங்கள் தலைக்கு மேலால் போகும்போது, நான் சுகமாயிருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு சத்தம் போடும், அதைப் பிடித்துப் பதிவுசெய்வது மிஸ்ஸின் ஒரு வேலை. மற்ற வேலை, பிற நாட்டுச் செய்மதிகள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு வயல் வயலாகப் போய், படத்தில் பச்சையாகத் தெரிவது நெல்லா, புல்லா, பற்றையா என்று சரிபார்ப்பது.

மலையகத்திலிருந்து வந்து வவுனியாப் பக்கத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. எங்களோடு எங்களைப் போலக் கதைக்கவும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கேட்கும்போதும் மனதில் பட்டதைச் சொல்லும்போதும் தாய்வீட்டுத் தமிழ்தான் வரும். அவர் எங்களிடம் கேட்டுக்கொண்டேயிருந்ததால் நாங்கள் அதிகம் கேட்டது அந்தத் தமிழைத்தான்.

சத்தம் பிடிக்கிற கம்பியைக் கூரைக்கு மேல் பூட்டுவதற்கு முன், எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். நானும் கூடப் போனேன். வயற்காரரின் சங்கமான கமக்காரர் அமைப்பின் செயலாளர் நான். குளத்துத் தண்ணீர் விடயத்தில் ஊரின் திட்டு முழுவதையும் வாங்கிக்கொள்கிற பதவி அது. அதோடு இதையும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யுத்த காலத்தில் எங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு திரிந்த வேவு விமானத்தை எங்கள் ஆட்கள் வண்டு என்பார்கள். வண்டு வந்து போனால் பின்னால் என்ன வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, மேலேயிருந்து பார்க்கிற அலுவல் என்றதும் முகங்கள் இறுகின.

வாய்க்காலின் தலைப்பக்கம் வயல் வைத்திருக்கும் தில்லையண்ணை கேற்றைத் திறக்காமலே கேட்டார்: "இவ்வளவு காலமும் எங்களை மேலயிருந்து பார்த்தவை. ஆர் எங்களிட்டைக் கேட்டவை?"

"யாரும் கேக்கலீங்கல்ல. அதனாலதாங்க கேக்குறேன்" என்றார் மிஸ்.

தில்லையண்ணை கேற்றைத் திறந்து, உட்காரக் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். கம்பி கூரைக்கு ஏறியது. கொழும்பிலிருந்து வந்த, நிறுவனத்தை நடத்துகிற பணிப்பாளர் வளவைச் சுற்றி முள்ளுக்கம்பி அடிக்கச் சொன்னபோது, மிஸ் அதற்கும் ஒழுங்கை முழுக்கக் கேட்டுப் பார்த்தார். முள்ளுக்கம்பியைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகையால் நாட்டின் விண்வெளி நிலையம் பூவரசம் வேலிக்குள்ளேயே இருந்தது. ஆடுகள் வந்து குழை தின்றுவிட்டுப் போகும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். வோட்டர் பம் கதைதான் என் மனுசியின் பொறுமையைச் சோதித்தது.

மனுசி பின்வளவில் மிளகாயும் கத்தரியும் வைத்திருந்தாள். அதற்கு இறைக்கிற பம் ஓடினால், கூரையிலுள்ள கம்பியில் அதன் சத்தமும் கலந்து விழுமாம். ஆகவே செய்மதி கடந்து போகிற சில நிமிடங்களுக்குப் பம்மை நிற்பாட்ட வேண்டும். "நிற்பாட்டச் சொல்லுங்கோ, நிற்பாட்டுறம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். அது அவருக்குப் போதாது. ஒவ்வொரு முறையும் மனுசி சமைக்கிற குசினி வாசலில் வந்து நின்று, "அக்கா, இன்னைக்குப் பம்ம நிப்பாட்டலாங்களா?" என்பார்.

"உமக்கு ஒருக்கா ஓமெண்டு சொன்னது காணாதோ?"

"ஒருநாளைக்குச் சரின்னா எல்லா நாளைக்கும் சரியாங்கக்கா?"

ஒருநாள் மனுசி கடுப்பிலிருந்தாள். என்னோடு ஏதோ சண்டை. காரணம் நான்தான், அதை விடுவோம். மிஸ் வழமை போல வந்து கேட்டார். மனுசி திரும்பிப் பார்க்காமல், "இண்டைக்கு ஏலாது" என்றாள். சும்மா ஒரு பகிடிக்கும் கோபத்துக்கும் நடுவில் சொன்னது. மறு கதை வரும், மன்றாடுவார், பிறகு நிற்பாட்டலாம் என்று நினைத்திருக்கிறாள். மிஸ் "சரிங்கக்கா" என்றுவிட்டுப் போய்விட்டார். பம் ஓடிக்கொண்டே இருந்தது. செய்மதியும் தன்பாட்டில் எங்களைக் கடந்து போனது.

பின்னேரம்தான் தெரிந்தது. புதிதாய்ச் செய்மதிக்கு ஏதோ கட்டளை அனுப்பி, அது வேலை செய்கிறதா என்று முதன்முதல் பார்க்கவிருந்த நாள் அது. கொழும்பில் பணிப்பாளர் முதல் தேத்தண்ணி போடுகிறவர் வரை கூடியிருந்து காத்திருந்தார்களாம். எங்கள் பக்கத்திலிருந்து போனது வெறும் பம் சத்தம். தொலைபேசியில் அவர்கள் மிஸ்ஸை ஏசியது குசினி வரைக்கும் கேட்டது.

மனுசி ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சும்மா சொன்னனான் பிள்ளை! நீர் ஒரு சொல்லு, இண்டைக்குப் பெரிய அலுவல் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"அப்படிச் சொல்லியிருந்தா நீங்க வேணாம்னு சொல்ல முடியாதேக்கா."

"வேண்டாம் எண்டு சொல்லவிடாமல் கேட்டால்தானே அலுவல் நடக்கும்!"

மிஸ் சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் தன் குடும்பத்துக் கதையை மனுசியிடம் சொன்னது. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கலவரம் நடந்த பிறகு, தாயையும் தகப்பனையும் யாரோ ஒரு லொறியில் ஏற்றி, இருட்டில் ஒரு காட்டு ஓரத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். "காணி குடுத்தாங்க, கூரைக்குத் தகரம் குடுத்தாங்க. எங்க போறீங்க, இங்க இருக்கப் பிடிக்குதான்னு மட்டும் யாரும் கேக்கல. அம்மா சாகுற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க" என்றாராம். மனுசி இதை என்னிடம் சொல்லும்போது அழுதாள். அதற்குப் பிறகு பம்மைப் பற்றி அவள் முறைப்பட்டதில்லை.

மழை பிழைத்து, குளம் நிரம்பாத வருடத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் மழையோடு செய்வது காலபோகம். கோடையில், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்வது சிறுபோகம். சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் போதாது. ஆகையால் விதைப்புக்கு முன் கூட்டம் வைத்து, குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவோம். பங்குக்கு மேல் விதைக்கக்கூடாது. விதைப்பார்கள். தலைப்பக்கத்துக்காரர் ரகசியமாய் ஒரு துண்டு கூடுதலாய் விதைத்தால், கடைப்பக்கத்துக்காரரின் வாய்க்காலில் தண்ணீருக்குப் பதிலாகத் தவளை நிற்கும். என் வயல் கடைப்பக்கம்.

அந்த வருடம் எனக்குக் கிடைத்த பங்கு ஒரேயொரு ஏக்கர். பயிர் குடலைப் பருவத்துக்கு வந்து, கதிர் தள்ள நிற்கிற நேரம் தண்ணீர் வரவில்லை. மேலே யாரோ கூட விதைத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யார், எவ்வளவு என்பதை நிரூபிக்கத்தான் ஏலாது. அது என் வீட்டு முன்பாதியில், மிஸ்ஸின் கணினியில், பச்சைப் பச்சையாகக் கிடந்தது.

அது மாவட்ட நிர்வாகக் கந்தோருக்கும் தெரிந்துவிட்டது. வயற்காரரின் பெயர்களோடு படத்தைத் தாருங்கள், கூட விதைத்தவர்களின் மடையைப் பூட்டுகிறோம் என்றார்கள். படம் உதவினால் நிறுவனத்துக்கு இங்கேயே காணி ஒதுக்கித் தரலாம் என்ற கதையும் வந்தது. காணி கிடைத்தால் பெரிய கிண்ண அன்ரெனா வரும், நிலையம் நிரந்தரமாகும், அதற்கு மிஸ்தான் பொறுப்பாக இருப்பார். பணிப்பாளர் அன்று மட்டும் பலமுறை தொலைபேசி எடுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மிஸ்ஸின் பதில் விளங்கியது. "கேட்டுவிட்டுச் சொல்கிறேன் சேர்."

கேட்பதா? கள்ள விதைப்பு விதைத்தவனிடம் போய், உன்னைக் காட்டிக்கொடுக்கலாமா என்று கேட்பதா? ஆனால் அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. வயல் வயலாக இறங்கிச் சரிபார்த்தபோது, படத்தில் பெயர் வராது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் இறங்கியிருந்தார்.

"கூட்டத்தில வைச்சுக் கேளுங்கோ, நான் கூட்டித் தாறன்" என்றேன். வேண்டாம் என்றார். வெயிலில் சைக்கிளில் போய், வீடு வீடாகத் தனித்தனியே கேட்டார். தில்லையண்ணை வீட்டு வாசலில் அந்தச் சைக்கிள் கனநேரம் நின்றதை நானே கண்டேன்.

திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. "அஞ்சு பேருண்ணே. நாலு பேரு சரின்னுட்டாங்க. ஒருத்தரு வேணாம்னுட்டாங்க."

"அப்ப அந்த நாலு பேரின்ர பேரைப் போட்டுக் குடுங்கோ."

"மிச்சம் ஒன்னு மட்டும் பேரில்லாம இருந்தா, அது யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமேண்ணே."

"தெரியட்டும்! என்ர பயிர் குடலையில நிக்குது பிள்ளை. இந்தக் கிழமை தண்ணி வராட்டில் மாட்டுக்குத்தான் வெட்டிப் போடவேணும். அது உமக்கு விளங்குதோ?"

"வெளங்குதுண்ணே." கண்கள் கலங்கியிருந்தன. "பேரு வராதுன்னு அவங்ககிட்ட சொன்னது நான்."

"ஏனாம் வேண்டாமெண்டவர்?"

"அத நான் சொல்லக்கூடாதுங்க."

பெயரில்லாத படம்தான் கந்தோருக்குப் போனது. பெயரில்லாத படத்தை வைத்துக்கொண்டு கந்தோர் என்ன செய்யும்? சுற்றறிக்கை அனுப்பியது. என் ஏக்கர் மாட்டுக்குப் போனது. இப்போதும் அந்த நெல்லை நினைத்தால் வயிறு எரிகிறது. முன்பாதியில் இருக்கிறவரோடு நான் கதைப்பதை நிறுத்திக்கொண்டேன். "எம்மேல கோவமாண்ணே?" என்று ஒருநாள் வந்து கேட்டார். "ஓம்" என்றேன். "சரிங்க" என்றுவிட்டுப் போனார். வேறு யாராவது என்றால் சமாதானம் பண்ணப் பார்த்திருப்பார்கள். அவர் என் கோபத்தையும் என் சொத்தாக நினைத்து, தொடாமல் விட்டுவிட்டார்.

பெரிய அன்ரெனா வேறு மாவட்டத்துக்குப் போனது. சில மாதத்தில் எங்கள் நிலையமும் மூடப்பட்டது. மிஸ்ஸைக் கொழும்புக்கு எடுத்து, ஏதோ ஒரு மூலை மேசையில் இருத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். போகிற நாள் மனுசியைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் வயலுக்குப் போய்விட்டேன்.

நிறுவனம் வளர்ந்தது. பளைப் பக்கம் பெரிய வீதியோடு இப்போது அதற்கு ஒரு வடக்கு நிலையம் இருக்கிறது, மாபிள் பதித்த தரையோடு. ஒவ்வொரு போகத்துக்கும் வயற்படம் எடுக்கிறார்கள். இந்தச் சிறுபோகக் கூட்டத்துக்கு அங்கிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து, படத்தில் பெயர்களையும் போட்டால் தண்ணீர்ப் பங்கீடு சுலபமாயிருக்கும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். கடைப்பக்கத்துக்காரர் நாங்கள் முதலில் கை தூக்கினோம். பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். தில்லையண்ணையின் கையும்.

எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. மனுசியிடம் இலக்கத்தை வாங்கி, இத்தனை காலத்துக்குப் பிறகு மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உங்களால அண்டைக்கு ஏலாமப் போனது இண்டைக்கு நடந்திட்டுது பிள்ளை. எல்லாரும் ஓமெண்டிட்டினம். தில்லையண்ணையும்தான்."

"கூட்டத்துலயாண்ணே கேட்டாங்க?"

"ஓம்."

"கூட்டத்துல எல்லாரும் கை தூக்குறப்ப ஒருத்தரு மட்டும் எப்புடிண்ணே வேணாம்னு ஒக்காந்திருக்க முடியும்? அவரத் தனியா ஒருக்காக் கேட்டுப் பாருங்களேன். கேப்பீங்களா?"

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அந்த வருடத்துக்குப் பிறகு தில்லையண்ணை வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. கேற்றடியில் நின்றபடியே விசயத்தைச் சொன்னேன். "மிஸ் கேட்டுப் பார்க்கச் சொன்னவா" என்றேன்.

"அவாவோ சொன்னவா?" தில்லையண்ணை கேற்றைத் திறந்தார். "அப்ப உள்ள வாரும்."

அந்த வருடம் அவர் பங்குக்கு மேல் விதைத்த ஏக்கர் அவருடையதே இல்லை. தங்கச்சியுடையது. தங்கச்சியின் மனுசன் யுத்தத்தின் கடைசியில் காணாமல் போனவர். காணியின் அனுமதிப்பத்திரம் அவருடைய பெயரில். அதைத் தன் பெயருக்கு மாற்றுவதற்கு, பிள்ளைகளோடு மல்லாவியிலிருந்து அவள் கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருந்த நேரம் அது. பத்திரக்காரர் நேரில் இல்லாத காணிக்குப் பங்கு கிடையாது என்பது கூட்டத்து விதி. அந்த விதியை அந்த வருடமும் எழும்பி நின்று வாசித்தவன் நான். பங்கில்லாமலே தில்லையண்ணை விதைத்து, நெல்லை மல்லாவிக்கு அனுப்பியிருக்கிறார்.

"அந்த நேரம் படத்தில அந்தத் துண்டு என்ர பேரில விழுந்திருந்தால், காணி தமையன்காரன் செய்யிறான் எண்டு அவளின்ர அலுவலையே மூடியிருப்பாங்கள்" என்றார் தில்லையண்ணை. "ஊருக்குத் தெரிஞ்சாலும் கதை கந்தோருக்குப் போயிடும். இப்ப பத்திரம் அவளின்ர கைக்கு வந்திட்டுது. பேரைப் போடுங்கோ. என்ர பேரில்லை, அவளின்ரை."

கூட்டத்தில் கை தூக்கியதோடு விட்டிருந்தால் அந்தத் துண்டு தில்லையண்ணையின் பெயரில்தான் விழுந்திருக்கும். உத்தியோகத்தரின் கணினியில் அப்படித்தான் பதிந்து கிடந்தது. மறுநாளே பளைக்குப் போய் நின்று திருத்துவித்தேன். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று தில்லையண்ணையிடமும், மல்லாவிக்குப் போய்த் தங்கச்சியிடமும் கேட்டேன். "பேரை மட்டும் மாத்திப் போடும்" என்றார்கள். மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

மல்லாவியிலிருந்து திரும்புகிற வழியில் மோட்டார் சைக்கிளை ஓரமாய் நிற்பாட்டிவிட்டு மிஸ்ஸுக்கு எடுத்தேன்.

"உங்களுக்கு இது அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியுங்க."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. என்ர வாயாலை ஒருத்தருக்கும் போயிராது. சொல்லியிருந்தால் நான் உங்களோட முகம் குடுத்துக் கதைக்காமல் திரிஞ்சிருப்பனோ? நீங்கள் போற அண்டைக்கு வயலுக்குப் போயிருப்பனோ?"

"எனக்கும் அது கஷ்டமாத்தாண்ணே இருந்திச்சு" என்றார் மிஸ். "ஒங்ககிட்ட மட்டுமாவது சொல்லலாமான்னு திரும்பப் போயி அவருகிட்டக் கேட்டேன். வேணாம்னுட்டாரு."